பழனியில் நிற்காத வண்டி

மார்க்கையன்கோட்டை விஜி என்னிடம் எட்டு முறை கார் எடுத்தாள். எட்டு முறையும் பழனிக்கு என்றுதான் சொன்னாள். ஒரு முறைகூட அவள் பழனியில் இறங்கவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது.

என் பெயர் ஜெபமணி. பழனிசெட்டிபட்டியில் கார் வாடகைக்கு விடுகிறேன். டிரைவர் தர மாட்டேன், எடுப்பவர்தான் ஓட்டிக்கொள்ள வேண்டும். கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து, எல்லாம் முறைப்படி. முதலில் ஐந்து கார்கள் இருந்தன. கல்யாணத்துக்கு என்று சொல்லி ஒன்றை ஓட்டிப்போன மகராசன் இன்னும் தாலி கட்டி முடித்துத் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் மிச்சமுள்ள நான்கிலும் இருக்குமிடம் காட்டும் கருவியைப் பொருத்தினேன். கார் எங்கே போனாலும் என் போனில் ஒரு நீலப் புள்ளி நகரும். அதிலேயே ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அதை அழுத்தினால் ஓடுகிற வண்டி நிற்காது. ஆனால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

விஜியைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.

விஜிக்கு முப்பத்தாறு வயது. மார்க்கையன்கோட்டையில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைத் தட்டுத் தட்டாகச் சின்ன லோடு வண்டியில் அடுக்கிக்கொண்டு சின்னமனூர், கம்பம், கூடலூர் வரை அவளே ஓட்டிப்போய் இறக்குவாள். வேகமாகப் போனால் காற்றில் நாற்றுத் துவண்டுவிடும் என்று நாற்பதைத் தாண்ட மாட்டாள். பின்னால் வருகிற பஸ்காரர்கள் எல்லாம் அவளுடைய பிறப்பு வளர்ப்பை விசாரித்துவிட்டுத்தான் முந்திப் போவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

புருஷன் பாண்டியராஜன் வாழைத்தார் வெட்டும் கூட்டத்தில் இருந்தவர். முப்பத்தெட்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். விஜி கொடுக்கலாம் என்றால் ரத்தம் பொருந்தவில்லை. அண்ணன்காரர் முதலில் சரி என்றார், பிறகு போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பெயரைப் பதிந்துவைத்தார்கள். மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் சிறுநீரகம் பொருந்தி வந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட சில மணி நேரத்துக்குள் அங்கே போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஒரு முறை கூப்பிட்டார்கள். பேசிவைத்திருந்த வாடகைக் கார் டிரைவர், "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். பாதி வழி போவதற்குள் மருத்துவமனையிலிருந்து, இனி வர வேண்டாம் என்று போன் வந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று அழுதுவிட்டு, இனிமேல் யாரையும் நம்பக் கூடாது, நானே ஓட்டுவேன் என்று விஜி முடிவு செய்தாள். என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கோயம்புத்தூரில் டாக்டர் பார்ப்பார். அந்தப் பயணத்தையே அவள் ஒத்திகையாக்கிக்கொண்டாள். என் வாசலில் வந்து நின்றதும் சாவியைக் கேட்க மாட்டாள். முதலில் போனை எடுப்பாள். வழியைப் போட்டு, வழியில் சிக்னல் இல்லாத இடங்களுக்காக வரைபடத்தை உள்ளே இறக்கி வைத்திருக்கிறோமா என்று பார்ப்பாள். அதே வழியைப் புருஷன் போனிலும் போடுவாள். போதாததற்குத் திருப்பங்களை வரிசையாக எழுதிய ஒரு தாள். "வத்தலக்குண்டு பைபாஸ். செம்பட்டி. ஒட்டன்சத்திரம்." அத்தனையும் முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்து, "சாவி குடுங்கண்ணே" என்பாள். பழனிக்குப் போக இத்தனை ஏற்பாடா என்று எனக்குச் சிரிப்பாக வரும். எங்கள் ஊர்ப்பக்கம் கண்ணைக் கட்டிவிட்டாலும் பழனிக்குப் போய்ச் சேருகிற ஆட்கள்தான் அதிகம்.

டோல் விஷயத்தில் தப்பு என்னுடையது. இரண்டாம் தடவை அவள் போனபோது டோலில் நிற்காது என்று நான் சொல்லி அனுப்பியும், காரின் கண்ணாடியில் ஒட்டிய டோல் அட்டை வேலை செய்யவில்லை. ஏதோ விவரம் புதுப்பிக்கச் சொல்லி வங்கியிலிருந்து நான்கு முறை செய்தி வந்திருந்தது, நான் பார்க்கவில்லை. டோல்கேட்டில் இருபத்தைந்து நிமிடம் நின்றிருக்கிறார்கள். பின்னால் ஹாரன், முன்னால் ஏறாத கம்பி, பக்கத்தில் வாந்தியை அடக்கிக்கொண்டு புருஷன். திரும்பி வந்தவள் என்னிடம் சண்டை போடவில்லை. போனில் 'டோல் சாலைகளைத் தவிர்' என்பதைப் போட்டுவிட்டாள், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். அந்தச் சூட்டை வைத்தவன் நான்.

சரி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் பிற்பாடு கேட்டேன். எங்கள் பக்கத்தில் புறப்படுகிற ஆளிடம் எங்கே என்று கேட்பதே பிசகு. கேட்டாலும் நினைத்த இடத்தை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், காரியம் கெட்டுவிடும். நானோ வாடகைப் பாரத்தில் 'செல்லும் இடம்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்துக்காக அவள் கண்டுபிடித்த ஊர் பழனி. சாமி பேரைச் சொன்னால் பொய்க் கணக்கில் சேராது என்று நினைத்திருக்கிறாள். இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தடவை, "மொட்டை போட" என்றாள். திரும்பி வந்தபோது பாண்டியராஜன் தலையில் முடி அப்படியே இருந்தது. மீட்டரைப் பார்த்தேன். பழனிக்குப் போய்வர இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஆகும். அதில் நானூறுக்கு மேல் ஓடியிருந்தது. போதாக்குறைக்கு, சித்திரை வெயிலிலும் அந்த ஆள் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். ஒருநாள் சாவியைத் திருப்பித் தரும்போது சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்து, ஊசி குத்திய தழும்புகள் வரிசையாக இருந்தன. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அந்த ஆளு போதை ஊசி போடுற கேசு. வண்டிய எதுக்கோ பயன்படுத்துறாக" என்று என் மனைவி சொர்ணலதாவிடம் சொன்னேன்.

"அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலைங்க" என்றாள் அவள்.

"கல்யாணத்துக்குன்னு காரக் கொண்டுபோனவன் மொகமும் நல்லாத்தான் இருந்துச்சு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலை பத்தேகாலுக்கு விஜி போன் செய்தாள். "அண்ணே, கார் வேணும். இப்பவே" என்றாள். வழக்கமாக முதல் நாளே சொல்லுகிறவள். எனக்கு அப்போதே ஏதோ உறைத்தது. மருத்துவமனையிலிருந்து அவளுக்குக் கூப்பிட்டது பத்து மணிக்கு. நாலு மணிக்குள் வந்து சேர வேண்டும், தாமதித்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பண்ணையின் லோடு வண்டியிலேயே புருஷனை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு பத்தே ஐம்பதுக்கு என் வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னால் இறக்காத மிளகாய் நாற்று அப்படியே நின்றது. இறங்கியவுடன் வழக்கம்போலப் போனை எடுத்தாள். ஊர்ப் பெயரைத் தப்புத் தப்பாக மூன்று தடவை அடித்தாள். பாண்டியராஜன் தன் போனையும் தாளையும் மடியில் வைத்துக்கொண்டு, "விஜி, பதறாத. ஏழு தடவ பாத்த வழிதான்" என்றார்.

நான் அவசரப்படவில்லை. ஆதார் அசலைக் கேட்டேன். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரைச் சுற்றி வந்து கீறல்களைப் படம் பிடித்தேன். எல்லாம் வேண்டுமென்றே செய்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அன்றைக்கு அவளுடைய கால் மணி நேரத்தை நான் தின்றேன்.

"எங்க போறீக?" என்று கேட்டேன்.

"பழனிக்குண்ணே."

"வியாழக்கெழமை என்ன விசேசம்?"

அவள் கையை நீட்டினாள். சாவியை வாங்கிக்கொண்டாள். பதினொன்று ஐந்துக்குக் கார் கிளம்பியது.

கடையில் உட்கார்ந்து புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி வைத்த பிறகு அவள் எடுக்கிற முதல் தடவை அது. நாற்பதைத் தாண்டாதவள் என்று நான் பிற்பாடு கேள்விப்பட்ட பெண் வத்தலக்குண்டுச் சாலையில் எண்பதில் போய்க்கொண்டிருந்தாள். டோல்கேட்டைத் தாண்டினால் எனக்குச் செய்தி வரும். வரவில்லை. டோல்கேட்டுக்கு முன்னாலேயே புள்ளி கிளைச்சாலையில் இறங்கி, ஊர்களுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் ஏறியது. கார் திருடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், டோல்கேட்டில் கேமரா இருக்கும் என்பதால். என்னைப்போல் வாடகைக்கு விடுகிறவர்களின் குழுவில் நாள்தோறும் பேசுகிற விஷயம் அது. என் கார் போனபோதும் ஒரு டோல் செய்திகூட வரவில்லை.

ஒன்று ஐந்துக்குப் புள்ளி பழனிக்கு வந்தது. அடிவாரம் பக்கம் திரும்பும் என்று பார்த்தேன். திரும்பவில்லை. நேராகப் போய் உடுமலைப்பேட்டைப் பக்கம் நகர்ந்தது.

"பாத்தியா? பாத்தியா?" என்று சொர்ணலதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்றே என்கிற சந்தோஷம். அதைவிடக் கேவலமான சந்தோஷம் உலகத்தில் இல்லை.

"மொதல்ல ஒரு போனப் போட்டுக் கேளுங்க" என்றாள் அவள்.

"கேட்டா உசாராயிடுவாக" என்றேன். சிவப்புப் பட்டனை அழுத்தினேன். மணி ஒன்று முப்பத்தெட்டு.

அங்கே நடந்தது விஜி எனக்குச் சொன்னது. உடுமலைக்குக் கொஞ்சம் முன்னால், டோலைத் தவிர்க்க இறங்கிய இன்னொரு கிளைச்சாலையில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. அவர்கள் போய்ச் சேரும்போது கேட் சாத்தியிருந்தது. லோடு வண்டி ஓட்டிய பழக்கம், நின்றால் எஞ்சினை அணைத்துவிடுவாள். அணைத்தாள். ரயில் போனது. கேட் திறந்தது. சாவியைத் திருப்பினாள். வண்டி உயிர்க்கவில்லை.

மறுபடி திருப்பினாள். பின்னால் ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேர் இறங்கிவந்து காரைத் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். பேட்டரி என்றார் ஒருவர், டீசல் இல்லை என்றார் இன்னொருவர். பாண்டியராஜன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதில் 'ரயில்வே கேட், பத்து நிமிடம்' என்றுகூட எழுதியிருந்தது. இது எழுதியிருக்கவில்லை. மூன்று தடவை எனக்குப் போன் போட்டிருக்கிறாள், இரண்டு போனிலும் சிக்னல் இல்லை. காரிலிருந்த கருவியின் சிம் வேறு கம்பெனி, அதற்கு மட்டும் இருந்தது. செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுக்கு ஓடிப்போய் அங்கிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே."

"தெரியும். நாந்தான் நிறுத்துனேன்" என்றேன். "எங்க போறீக?"

"பழனிக்கு..."

"பழனி தாண்டி முக்கா மணி நேரமாச்சு. யாருகிட்ட கத விடுறீக? டோல் வழியா ஏன் போகல? உள்ள என்ன வச்சிருக்கீக?"

மூச்சு இரைக்கப் பேசினாள். சத்தம் போட்டுப் பேசவில்லை.

"என் வீட்டுக்காரருக்குக் கிட்னி மாத்தப் போறோம்ணே. கோயம்புத்தூர்ல கூப்ட்டுருக்காக. நாலு மணிக்குள்ள போகணும். போகலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாக."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"என்னன்னு சொல்லச் சொல்றீக? எவராவது எப்பச் சாவாகன்னு ரெண்டு வருசமா காத்துக் கெடக்கோம்னா? அத வாயால சொல்ல முடியுமாண்ணே? இன்னைக்கு எங்கனயோ ஒரு வீட்டுல எழவு விழுந்துருக்கு. அதத்தான் வாங்கப் போயிக்கிட்டிருக்கேன்."

அந்தப் பட்டனை மறுபடி அழுத்தினால் வண்டி விடுபடும். சொர்ணலதாதான் போனைப் பிடுங்கி அழுத்தினாள். முழுக்கைச் சட்டை ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தழும்புகள் வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்த தழும்புகள்.

மணி இரண்டு ஆக மூன்று நிமிடம். அவள் போட்டுவைத்த கிளைச்சாலை வழியில் இன்னும் இரண்டேகால் மணி நேரம் காட்டியது. போய்ச் சேரும்போது நாலு தாண்டிவிடும். நாலுவழிச் சாலையில் போனால் ஒன்றரை மணி நேரம். ஆனால் அதில் டோல்கேட் உண்டு, என் அட்டையை நம்ப வேண்டும்.

"தங்கச்சி, வண்டி இனி ஸ்டார்ட் ஆகும். டோல் வழியாப் போங்க" என்றேன். "அட்டையச் சரிபண்ணி ஆறு மாசமாச்சு. இப்பவும் பணம் ஏத்திட்டேன். நிக்காது."

"அன்னைக்கும் நிக்காதுன்னுதான சொன்னீக?"

"ஆமா. அன்னைக்கும் நாந்தான் சொன்னேன்" என்றேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள்.

புள்ளி நகர்ந்தது. கிளைச்சாலையிலேயே ஒரு கிலோமீட்டர் போயிற்று. என்னை ஏன் நம்ப வேண்டும்? ஒரு பிரிவில் புள்ளி நின்றது. அங்கே வைத்துப் பாண்டியராஜன்தான் தன் போனில் அந்த 'டோலைத் தவிர்' என்பதை எடுத்துவிட்டாராம். "நின்னா நிக்கட்டும் விஜி. கம்பிய நான் எறங்கித் தூக்குறேன்" என்று சொன்னாராம். வாழைத்தார் தூக்கிய ஆள், அப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கத் தெம்பில்லாதவர். புள்ளி வலது பக்கம் திரும்பி நாலுவழிச் சாலையில் ஏறியது.

டோல்கேட்டை நெருங்கும்போது சொர்ணலதா ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஜெபம்கூட வரவில்லை. புள்ளி மெதுவாகி நின்றது. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். முப்பத்தொன்றில் என் போன் அதிர்ந்தது. டோல் கட்டணம் எடுத்துக்கொண்டதாகச் செய்தி. புள்ளி நகர்ந்தது. நான் கடைக்கு வெளியே வந்து நின்று அழுதேன். டீ கொண்டுவந்தவர் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். வண்டி டோல்கேட்டைத் தாண்டிவிட்டது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று நாற்பத்தாறுக்குப் புள்ளி மருத்துவமனையில் நின்றது. அப்புறம் இரண்டு நாள் அது அங்கிருந்து அசையவில்லை. நானும் போன் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது? மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். "அண்ணே, அவருக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு" என்றாள். இரண்டு வருஷமாக வராதது. ஒரு பெண் சிறுநீர் வந்ததைச் சொல்லி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கார் வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அதற்கு மட்டும் நான் அவளைத் திட்டினேன்.

பாரத்திலிருந்து 'செல்லும் இடம்' என்ற கட்டத்தை அடித்துவிட்டேன். சிவப்புப் பட்டன் இன்னும் இருக்கிறது. என்ன இருந்தாலும் நான் வியாபாரி. ஆனால் அதை அழுத்துவதற்கு முன்னால் போன் செய்து கேட்க வேண்டும் என்பது சொர்ணலதா போட்ட சட்டம்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பாண்டியராஜன் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். விஜி வழக்கம்போல முதலில் போனை எடுத்தாள். இந்த முறை டோல் வழியைப் போட்டு என்னிடமே காட்டினாள். நான் எங்கே என்று கேட்கவில்லை. கேட்காமலே அவள் சொன்னாள்.

"பழனிக்குண்ணே. எட்டுத் தடவ சாமி பேரச் சொல்லிப் போயிருக்கேன். ரெண்டு பேருக்கும் மொட்ட."

"ரெண்டு பேருக்குமா?"

"இவருக்கு, பொழச்சதுக்காக. எனக்கு, குடுத்தவுகளுக்காக. ஆஸ்பத்திரில அவுக பேரு சொல்ல மாட்டேங்குறாக, அர்ச்சனையில சொல்றதுக்கு." சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க பாத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். டோல் செய்தி வந்தது. புள்ளி நாற்பதில்தான் போனது, அதனால் மத்தியானம் ஆகிவிட்டது. பழனி வந்ததும் அடிவாரம் பக்கம் திரும்பியது, நின்றது. நான் சொர்ணலதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.